ஈவில்னா பாவம் இல்லைங்க, தீமை

"மதம் இல்லாட்டி பாவம் உண்டா?" பட்டிமன்றத்துலயும் யூடியூப் டப்பிங்லயும் இந்தக் கேள்விய கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு. இங்கிலீஷ் மூலத்துல இருக்கிறது ஈவில் (evil). அத பாவம்னு மாத்தினதுமே பதிலும் உள்ள வந்துடுது, ஏன்னா பாவம்னா கடவுள் கணக்குல ஏறுற குத்தம், கடவுள எடுத்துட்டா அதுவும் போயிடும்தானே, அப்புறம் விவாதிக்க என்ன இருக்கு?

பாவம் வடமொழி பாபத்துலேர்ந்து வந்தது. குறள்லயே இருக்கு, அதனால வடசொல்னு விரட்டச் சொல்லல. இங்கிலீஷ்ல 'சின்'னு (sin) சொல்றதுக்கு அது சரியான சொல், ஈவிலுக்கு இல்ல. அதுவும் நம்ம பேச்சுல 'ஐயோ பாவம்'னா இரக்கம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணில கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள்ல 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்க, புள்ளைங்க. அத 'பாவம்'னு சொன்னா செத்தவங்க மேல பரிதாபமா, எரிச்சவன் செஞ்ச குத்தமா, எது? தீமைன்னு சொல்லுங்க, செஞ்சவன் மேல நேரா போய் நிக்கும்.

தனித்தமிழ்க்காரங்க சிலர் 'அறம் x மறம்'னு எழுதுறாங்க, அது இன்னும் மோசம். மறம்னா வீரமும்தான், புறநானூறுல அதுக்கு நெறைய புகழ்ச்சி இருக்கு. எதுகை நல்லாருக்குன்னு ஒரு பெரிய கேள்வியையே குழப்பலாமா?

தீய, தீது, தீமை எல்லாம் ஒரே குடும்பம். "தீதும் நன்றும் பிறர்தர வாரா"ன்னு புறநானூறு 192ல இருக்கே. "தீயவை தீய பயத்தலால்"னு குறள் 202 காரணம் சொல்றப்ப விளைவத்தான் காட்டுது, அந்தக் குறள்ல சாமி பேச்சே இல்ல. கடைமடைக்கு முறைத்தண்ணி வர்ற அன்னிக்கு மேல உள்ளவன் ராத்திரியோட ராத்திரியா மடைய அடைச்சா நாகூர்க்காரரும் வேளாங்கண்ணிக்காரரும் திருவாரூர்க்காரரும் ஒரே மாதிரிதான் கொதிப்பாங்க. அது மதத்தத் தாண்டின நியாயமா, இல்ல கூடி வாழ்ந்த பழக்கமா, அதத்தான் விவாதிக்கணும். தெய்வத்துக்குப் பிடிச்சதால அது நல்லதா, நல்லதா இருக்கறதால தெய்வத்துக்குப் பிடிக்குதான்னு பிளேட்டோ காலத்துலேர்ந்து கேட்டுட்டு இருக்காங்க, நல்லதுங்கற எடத்துல புண்ணியம்னு போட்டா அந்தக் கேள்வி செத்துப்போயிடும்.

மொழிபெயர்க்கிறவங்க அகராதில மொதல்ல கண்ணுல பட்ட சொல்ல எடுத்து ஒட்டாதீங்க. எழுத்துல நன்மை தீமை, பேச்சுல நல்லது கெட்டது, யார் என்ன நெனச்சாலும் மாறாததுங்கற அர்த்தத்துல வர்ற அப்ஜெக்டிவுக்குப் (objective) புறவயம். மதத்தாலதான் தீமைன்னு நம்புறவங்களும் இந்த சொல்ல வச்சே தாராளமா வாதாடலாம்.