இன்னொரு முங்கு போடச் சொல்லாதீர்கள்

ஆடி அமாவாசை விடியற்காலை, கன்னியாகுமரி முக்கடல் துறை. பலிச்சோற்று இலையைத் தலையில் ஏந்திக் கடலில் இறங்கியவர், இலையை அலையில் விட்டு முங்கி எழுந்தார். கரையில் கேமராவோடு நின்ற பையன் கூப்பிட்டான்: "அண்ணே, ஃபோகஸ் விட்டுப்போச்சு. இன்னொரு தடவை முங்குங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஈர வேட்டியோடு நடந்துவிட்டார். அந்தப் பையன் என் ஸ்டுடியோவில் தொழில் படித்தவன். அதனால்தான் வயிறு எரிகிறது.

கேட்டால், "பொது இடம்தானே சார்" என்கிறான். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டும் பொது இடம்தான். அங்கே ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் லென்ஸைத் திருப்புவாயா? இடம் பொது என்றால் நீ அங்கே நிற்கலாம், அவ்வளவுதான். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினத்தை எடு, பஜ்ஜிக் கடையை எடு. அதே நாளில் ஆற்றங்கரையில் அப்பனுக்குப் பலி இடுகிறவர் பொருட்காட்சி இல்லை. பூசாரி தலையாட்டினால் போதும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். துக்கம் பூசாரியுடையதா? பங்குத்தந்தையிடம் வாங்கும் அனுமதியும் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையத்தான்.

ட்ரோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலிச்சோற்றை வைத்துக் கைதட்டிக் காகத்தைக் கூப்பிடும்போது தலைக்கு மேல் அது இரைந்தால் எந்தக் காகம் இறங்கும்? காகம் தொடாத சோறு அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய மனக்குறை என்று இந்த ஊரில் பிறந்தவனுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் போகிறவர்கள் பிளாஷைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காகத்தானே போகிறோம், அதையே அடித்துக் கொன்றால் எப்படி? 50 எம்.எம். லென்ஸின் அபெர்ச்சரை 1.8-ல் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், விழட்டும். ஆங்கிளுக்காக அடுத்த கல்லறைமேல் ஏறாதீர்கள்.

டிசம்பர் 26, சுனாமி நினைவு நாளில் கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடிப் பக்கம் போகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். 2004-ல் கடல் கொண்டுபோன பிள்ளைக்காக அழுகிற அம்மாவை ரீல்ஸாக்கிப் பாட்டுப் போடாதீர்கள்.

சடங்கு தொடங்கும் முன்பே வீட்டாரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் கேமராவைத் தாழ்த்துங்கள், "ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சாதீர்கள். முகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. பவித்திரம் என்ற தர்ப்பை மோதிரம் போட்ட விரலும் ஒட்டிய எள்ளும் போதும். சம்மதித்தவருக்கு ஒரு பிரிண்ட் கண்டிப்பாகப் போய்ச் சேரவேண்டும். குழித்துறையில் எடுத்த ஒரு பாட்டியின் கைப்படத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எனக்க அம்மைக்க கை மாதிரி இருக்கே மக்களே."