ஆகாயத்தாமரையைக் கால்வாயில் கொட்டாதீர்கள்

நீர்ச்செடிகளை வளர்த்து விற்பதும், வீடுகளுக்குப் போய்த் தொட்டிகளைப் பராமரிப்பதும்தான் என் தொழில். அண்மையில் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் மொட்டைமாடித் தொட்டியைத் துப்புரவாக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் வேலை முடிந்திருந்தது. தொட்டியை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையை (water hyacinth என்ற மிதக்கும் செடி) உரப்பைகளில் அள்ளிக் கால்வாயில் கொட்டிவிட்டார்களாம். "தண்ணியில வளர்ந்தது தண்ணியிலயே போகட்டும் தம்பி. அது தண்ணியைச் சுத்தப்படுத்துற செடிதானே?" என்றார் வீட்டுக்கார அன்ரி. இதே பதிலை எத்தனை வீடுகளில்தான் கேட்பது?

சுத்தப்படுத்தும் என்ற பேச்சுக்கு வருகிறேன். செடி அழுக்குநீரிலுள்ள சத்துகளை உறிஞ்சுவது உண்மை. உறிஞ்சியதை எங்கே வைத்திருக்கிறது? தன் உடம்பில். அந்த உடம்பை வெளியே அள்ளி எடுத்தால்தான் அழுக்கும் வெளியே போகும். எடுக்காமல் விட்டால் செடி அங்கேயே அழுகி, உறிஞ்சிய அத்தனையையும் அதே தண்ணீரில் திருப்பிக் கொட்டும். அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனும் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். மேலே பாய் விரித்தாற்போல் இலைகள் மூடினால் அடியில் வெளிச்சமும் இல்லை. அள்ளுகிற ஆள் இருக்கிற இடத்தில்தான் அது துப்புரவாளன். உங்கள் கால்வாயில் யார் தினமும் இறங்கி அள்ளப்போகிறார்கள்?

கடலுக்குப் போய்ச் செத்துவிடும் என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. உப்புநீர் அதற்கு ஆகாதுதான். கடலை எட்டுமுன் பாலத்தடியில் பிளாஸ்டிக் போத்தல்களோடு சிக்கி நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது? மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது மாநகர சபையைத் திட்டுகிறோம்.

ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். உப்பிய தண்டை நசுக்கினால் உள்ளே பஞ்சும் காற்றும். அடியில் கருநீல இறகுகளாய் வேர்க்கற்றை. பக்கவாட்டில் ஒரு கொடி ஓடி, அதன் நுனியில் குட்டி. குட்டிக்கும் குட்டி. இடம் வாய்த்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கூட்டம் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த இந்தச் செடியை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் தனிச்சட்டம் போட்டார்கள். 1939இல் ஆராய்ச்சிக்கென்று கொழும்புக்கு வந்த சல்வீனியா என்ற மிதக்கும் செடியும் இப்படித்தான் தப்பி நாடெங்கும் பரவியது.

நுளம்பு வேறு. மன்சோனியா என்ற நுளம்பின் குடம்பி, மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வராது. மிதக்கும் செடிகளின் வேரைக் குத்தி அதிலிருந்தே காற்றை எடுக்கும். அதைக் கொல்லவென்று மேலே மண்ணெண்ணெய் ஊற்றினால் உங்கள் மீன்தான் சாகும்.

ஆகவே, தொட்டி நிறைந்தால் வேரோடு அள்ளி, வெயில் படும் சீமெந்துத் தரையில் பரப்புங்கள். கையில் நொறுங்கும் வரை காயட்டும். பிறகு பசளைக் குழியில் போடுங்கள். நிழலில் குவித்தால் அடியிலிருப்பது காயாது. பூத்த காம்பை விதை முற்றுமுன் வெட்டுங்கள். அதிகமாய் இருக்கிறதென்று அயல்வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். தொட்டி கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றாமல் மரத்தடியில் ஊற்றுங்கள்.

என்னைக் கேட்டால், இதை வாங்கவே வேண்டாம். அல்லி, நெய்தல், கொட்டி எல்லாம் நம் குளத்துச் செடிகள். கிழங்கு களிமண்ணில் ஊன்றி நிற்கும்; இலையும் பூவும்தான் மேலே வரும். தேசிய மலரான நெய்தல் வேண்டுமென்று கேட்டு, இதழ் அடர்ந்த ஊதாப் பூவை வாங்கிப் போகிறவர்கள் பலர். அது கலப்பினம், நம் நெய்தல் வெளிர்நீலம், இதழும் குறைவு. கடையில் பூவைப் பார்த்து வாங்குங்கள்.

ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட ஊர் கொழும்பு. கொழும்பை அடுத்த தலங்கமைக் குளத்தையோ தியவன்னா ஏரியையோ ஒரு காலையில் போய்ப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று தெரியும். காயவைக்க மாடியில் இடமில்லை என்றால், செடி விற்றவரையே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். என் வாடிக்கையாளர்களிடம் நான் கூலி வாங்காமலே எடுத்துப் போகிறேன். கூப்பிடத் தயங்காதீர்கள்.