கோதிக் என்பதற்குத் தமிழ் என்ன?

2015-இல் வந்த ‘கிரிம்சன் பீக்’ படத்தை இந்த ஆனி மழையில்தான் பார்த்தேன். கில்லெர்மோ டெல் டோரோ எடுத்தது. வந்த நேரத்தில் பேய்ப்படம் என்று விளம்பரம் செய்தார்கள். பேயை நம்பிப் போன நண்பர்கள் “பயமே இல்ல” என்று உதட்டைப் பிதுக்க, நானும் விட்டுவிட்டேன். ஆனால் இயக்குநர் அப்போதே இதை ‘கோதிக் காதல் கதை’ என்றுதான் சொன்னார். அந்த முதல் சொல் சரியாகப் புரிந்திருந்தால் இத்தனை வருடம் காத்திருக்க மாட்டேன்.

குமரி மாவட்டத்துத் தக்கலையில், அத்தை வீட்டில், ஓட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தோம். புதுப்பெண் கணவனின் பழைய மாளிகைக்கு வருகிறாள். கூரை பிளந்து கிடக்கிறது, பனி நேராக நடுக்கூடத்தில் விழுகிறது. தரைப் பலகைக்கு அடியிலிருந்து ரத்தம் மாதிரி சிவப்புக் களிமண் கசிகிறது. வந்த புதிதில் அவள் வீட்டுச் சாவியைக் கேட்க, நாத்தனார் கொடுக்க மறுக்கிறாள். “சாவிக்கொத்து நாத்தூன் கையிலயா? அப்ப இவ பாடு போச்சி மக்களே” என்றார் அத்தை. பேய் வந்து போன பிறகு இன்னொன்றும் சொன்னார்: “பேய் ஒண்ணும் செய்யல்லியே. வீடுல்லா ஆளை முழுங்குது.”

எனக்குத் தெரிந்து கோதிக்குக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

சொல்லின் வேர் ஒரு இனத்தின் பெயர். கோத்துகள் ஜெர்மானிய மக்கள். அவர்களில் ஒரு பிரிவினர் அலாரிக் தலைமையில் கி.பி. 410-இல் ரோம் நகரைச் சூறையாடினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்தும் இத்தாலியர்களுக்கு அந்தக் கசப்பு போகவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் கலை வரலாறு எழுதிய வசாரி போன்றவர்கள், கூர்முனை வளைவுகளோடு வானை நோக்கி எழும் தேவாலயங்களை அழகற்றவை என்று கருதி, அந்தப் பழியைக் கோத்துகள் தலையில் போட்டார்கள். உண்மையில் அந்தக் கட்டடங்களுக்கும் கோத்துகளுக்கும் தொடர்பே இல்லை. அந்தப் பாணி 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பக்கம் பிறந்தது. வசவாக வந்த சொல் அப்படியே பாணியின் பெயராக நின்றுவிட்டது. கன்னியாகுமரி கடற்கரையில் உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் தெரியும்.

கட்டடத்திலிருந்து கதைக்குத் தாவியது 18-ஆம் நூற்றாண்டில். 1764-இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கோட்டைக்குள் நடக்கும் நாவல் எழுதினார். மறு ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பு சேர்த்தார். அன்றிலிருந்து பழைய மாளிகை, பூட்டிய அறை, அதற்குள் அகப்பட்ட பெண், அவளை ஆட்டிவைக்கும் வீட்டுத்தலைமை எல்லாம் சேர்ந்தால் அது கோதிக்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கட்டடத்துக்குக் ‘கோதிக்’ என்றே இருக்கட்டும். இனப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கதைக்குத்தான் சொல் வேண்டும். ‘திகில்’ போதாது, கத்தியோடு துரத்துகிறவனும் அதில் அடக்கம். ‘பேய்க்கதை’ தவறு, இந்தப் படத்துப் பேய்கள் அந்தப் பெண்ணை எச்சரிக்கத்தான் வருகின்றன. ‘பாழ்மனை’ நெருங்கி வருகிறது, ஆனால் பாழ்மனையில் ஆள் இருக்காது. இங்கே ஆள் குடியிருக்க வேண்டும், அதுதான் கொடுமையே.

நம் ஊரில் அஞ்சி வணங்கும் பெண் தெய்வமான இசக்கியிடம் கேட்கலாமா? யட்சி, இயக்கி, இசக்கி என்று திரிந்த சொல் அது. சிலப்பதிகாரத்திலேயே ‘பூங்கண் இயக்கி’ வருகிறாள். ஆனால் இசக்கி நிற்பது கள்ளிக்காட்டில், பனையடியில், ஆளில்லாத பாதையில். வீட்டுக்கு ஓடிவந்து கதவடைத்தால் தப்பிக்கலாம். கோதிக்கில் அந்தக் கதவுக்கு உள்ளேதான் அச்சம் இருக்கிறது.

எனக்கு வழி காட்டியது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு: ‘அணங்கே விலங்கே கள்வர் தம்இறை’. முதலில் நிற்கும் அணங்கு அஞ்சவைக்கும் தெய்வம். வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்கும்போது காதலியைப் பார்த்து ‘அணங்குகொல்’ என்று மயங்குவதும் இதே சொல்தான். அச்சமும் மயக்கமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கடைசியில் நிற்கும் ‘தம்இறை’ நம்மை ஆள்பவர். அரசன் ஆகலாம், வீட்டுப் பெரியவர் ஆகலாம், சாவிக்கொத்து வைத்திருக்கும் நாத்தனாரும் ஆகலாம். இந்த இரண்டு அச்சத்தையும் ஒரே கூரைக்கு அடியில் பூட்டினால் கோதிக்.

பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1993-இல் வந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படத்தின் சில காட்சிகள் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அதில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்ப் பெண், அணங்கு. அவளைக் கொன்ற காரணவர், அதாவது குடும்பத் தலைவர், இறை. நடுவில் தாழிட்ட ஓர் அறை.

ஆகவே நான் ‘அணங்குமனை’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். அணங்குமனைக் கதை, அணங்குமனைப் படம். ‘மனை’யை வேண்டுமென்றேதான் எடுத்தேன். வீட்டுக்கும் அதே சொல், அந்த வீட்டுக்கு வாழவந்த மனைவிக்கும் அதே வேர். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் நம்பூதிரி வீட்டை ‘மன’ என்பார்கள். மலையாள யட்சிக் கதைகள் பலவற்றில் அந்த மனைகள் வரும்.

அத்தையிடம் சொல்லைச் சொன்னேன். “அணங்குமனையா?” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்குச் சாவி கெடச்சுதா, இல்லையா?” என்று கேட்டார். மின்சாரம் போனதில் அவர் கடைசி அரைமணி நேரத்தைப் பார்த்திருக்கவில்லை.