எழுத்து போகவில்லையா? போர்டைக் குறை சொல்லாதீர்கள்

சீரியல் வயர் வழியாகக் கணினியோடு பேசும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு நேற்று என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "ஆர்எக்ஸ் பழுது." உண்மைதான், போர்டு எழுத்தைப் பெறும் அந்த ஆர்எக்ஸ் முனை எரிந்துபோயிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாள் அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. விசாரித்தால் அதே பழைய கதை. பூட் செய்திகள் திரையில் சரசரவென ஓடியிருக்கின்றன, லாகின் கேட்டிருக்கிறது, தட்டிய எழுத்து மட்டும் போகவில்லை. உடனே போர்டை அனுப்பியவர் யுஎஸ்பி அடாப்டர்மேல் சந்தேகப்பட்டு, அலமாரியில் கிடந்த ஒன்பது முனை ஆர்எஸ்-232 (பழைய கணினிகளின் சீரியல் இணைப்பு) அடாப்டரில் வயரைச் சொருகியிருக்கிறார். "அதுவும் சீரியல்தானே சார்?" என்கிறார். இந்த மாதம் இது மூன்றாவது போர்டு.

தட்டியது போகவில்லை என்றால் போர்டு பழுது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? போர்டோடு பேச நாம் கணினியில் ஓட்டும் நிரல் மினிகாம். அதை நிறுவியதும் அதில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல், அதாவது தனிக் கம்பி வழியாக அனுமதி கேட்டு அனுப்பும் முறை, பெரும்பாலும் இயக்கத்தில்தான் இருக்கும். எதிர்முனை சிடிஎஸ் கம்பியில் "அனுப்பலாம்" என்று சொல்லும்வரை அது ஓர் எழுத்தையும் வெளியே விடாது. நாம் இணைப்பதோ டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), கிரவுண்ட் என்று மூன்றே வயர். சிடிஎஸ் எங்கும் இணைக்கப்படவில்லை, அனுமதி எங்கிருந்து வரும்? நீங்கள் தட்டிய எழுத்து உங்கள் கணினியை விட்டே கிளம்பவில்லை! வருவது ஒழுங்காக வந்து, போவது மட்டும் போகவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கண்ட்ரோல்-ஏ அழுத்தி, பிறகு ஓ தட்டி, சீரியல் போர்ட் அமைப்புக்குள் போய் அதை அணையுங்கள். அமைப்பைச் சேமிக்கவும் மறக்காதீர்கள்.

இந்த வேலைக்கு மினிகாமுக்குப் பதில் நான் பிக்கோகாமைத்தான் பரிந்துரைப்பேன். சின்ன நிரல், ஃப்ளோ கண்ட்ரோல் இல்லாமலே தொடங்கும். தொடங்கியதும் போர்ட், வேகம் முதலிய எல்லாவற்றையும் வரிவரியாகக் காட்டும். அந்த வரிகளைத் தயவுசெய்து படியுங்கள். நீங்கள் வேகம் சொல்லாவிட்டால் அது 9600 (நொடிக்கு இத்தனை பிட்) என்று எடுத்துக்கொண்டிருக்கும். புட்டி என்ற நிரலைப் பயன்படுத்துபவர்கள் அதில் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்ற இன்னொரு வகை ஃப்ளோ கண்ட்ரோல் தேர்வாகியிருப்பதை அணைத்துவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? வயர்களைப் போர்டிலிருந்து கழற்றி, அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பரால் இணைத்துவிட்டுத் தட்டுங்கள். எழுத்து திரையில் வந்தால் ஜம்பரை உருவிவிட்டு மறுபடி தட்டுங்கள். இப்போது வரக்கூடாது. வந்தால் நீங்கள் பார்ப்பது லோக்கல் எக்கோ, அதாவது தட்டியதை நிரலே திரையில் காட்டுவது, அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். ஜம்பரோடு வந்து, ஜம்பர் இல்லாமல் நின்றால் நிரல், கேபிள், அடாப்டர் மூன்றும் நலம். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்தப் போர்டையும் என்னிடம் அனுப்பாதீர்கள்.

குப்பை எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வேகம்தான் தவறு. 115200 வைத்துப் பாருங்கள். இஎஸ்பி8266 சிப் பூட் ஆகும்போது முதலில் 74880 வேகத்தில் பேசும். அதைப் பார்த்துவிட்டுப் போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. சீரியல் போர்ட்டைத் திறக்க லினக்ஸ் அனுமதி மறுத்தால் ஒவ்வொரு முறையும் நிரலை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாதீர்கள். டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனரை, சீரியல் போர்ட்டுக்கு அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் போதும்.

ஆர்எஸ்-232 விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அதன் டிஎக்ஸ் கம்பியில், சும்மா இருக்கும்போதே மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை நிற்கும். 3.3 வோல்ட் சிப்பின் முனை அதைத் தாங்காது. நடுவில் வோல்ட் அளவை மாற்றித்தரும் மேக்ஸ்3232 போன்ற ஒரு லெவல் கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். எந்த அடாப்டராக இருந்தாலும் போர்டில் சொருகும் முன் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை டிஎக்ஸிலும் வையுங்கள். 3.3 காட்டினால் இணைக்கலாம். 5 காட்டினால், போர்டு அதைத் தாங்குமா என்று டேட்டாஷீட்டைப் பார்க்கும்வரை இணைக்காதீர்கள். மைனஸ் காட்டினால் அந்த அடாப்டரை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.