கேஸ் கீசரில் தெர்மோகப்பிள் எதைக் காக்கும், எதைக் காக்காது

சென்ற குளிர்காலத்தில் பெங்களூரு அல்சூரில் ஒரு வீட்டுக்குப் பழைய கேஸ் கீசரைப் பழுது பார்க்கச் சென்றபோது, பைலட் (பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடர்) குமிழ் மேலெழாதபடி தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகியிருந்ததைக் கண்டேன். "கைய எடுத்தா அணைஞ்சிடுது தம்பி, அதான் அட்டை வெச்சிருக்கோம்" என்றார் வீட்டு அம்மா.

பைலட் சுடருக்குள் முனை நீட்டி நிற்கும் விரல் நீளக் குச்சிதான் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்கள் சேரும் இடம் சூடானால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற, 1821-இல் இயற்பியலாளர் சீபெக் கவனித்த விளைவே இதன் அடிப்படை. கிடைப்பதோ ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிவோல்ட். டார்ச் செல் தருவதில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. நாம் குமிழைக் கையால் அழுத்தித் திறந்த கேஸ் வால்வை ஒரு சிறு மின்காந்தம் பிடித்து நிறுத்த இது போதும், தானாகத் திறக்கப் போதாது. பற்றவைத்த பின் அரை நிமிடம் குமிழை விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். சுடர் அணைந்தால் முனை ஆறி, பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். அட்டை செருகிய கீசரில் அது மூடாது. காற்றைவிடக் கனமான எல்பிஜி எரியாமல் கசிந்து தரையோடு தேங்கும்.

அந்தக் கீசரில் முனை முழுக்கக் கரி, மறுமுனை நட்டும் தளர்ந்திருந்தது. துடைத்து இறுக்கியும் காந்தம் பிடிக்காததால் புதியது மாற்றினேன். மலிவான பாகம்தான், அட்டை செருகும் அளவுக்கு யாரும் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் என்னை அதிகம் கலங்கவைத்தது, கீசர் மாட்டியிருந்த குளியலறையின் ஜன்னல். குளிருக்காகச் செய்தித்தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள். தெர்மோகப்பிளுக்குத் தெரிவது சுடரின் சூடு மட்டுமே. அடைத்த அறையில் ஆக்சிஜன் குறையும்போது சுடர் அணையாமலே கார்பன் மோனாக்சைடை உமிழலாம். எல்பிஜியில் கலக்கும் மெர்காப்டன் போன்ற எச்சரிக்கை வாடை அதற்குக் கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்வதால், குளிப்பவர் தலைவலியும் மயக்கமும் உணர்வதற்குள் கால் தளர்ந்துவிடக்கூடும். பேட்டரியில் பற்றும் புதிய மாடல்களில் தெர்மோகப்பிளுக்குப் பதிலாகச் சுடரை உணரும் கம்பி இருக்கும். அதுவும் இந்த வாயுவை அறியாது. குளிக்கும்போது தலை கனத்தால் உடனே வெளியேறுங்கள். வெளியே வந்த பிறகே சிலிண்டரை மூடச் சொல்லுங்கள்.

கீசரைக் கழற்றி, சமையலறைக்குப் பின்னால் திறந்திருக்கும் யுடிலிட்டி பகுதியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் இழுத்த பிறகே பற்றவைத்துக் கொடுத்தேன். ஜன்னல் காகிதத்தை அந்த அம்மாவே கிழித்தெடுத்தார்.