ஒரே கறுப்பு மையில் இத்தனை சாம்பலா?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். ஓவியம் ஒன்றைப் பார்த்து உலோகத் தட்டில் வெட்டி அச்சிட்ட பழைய படம். அமெரிக்க விடுதலைப் போரில், 1781 ஜனவரி 17 அன்று, தென் கரோலினாவின் கௌபென்ஸில் நடந்த சண்டை. அமெரிக்கத் தரப்பின் வில்லியம் வாஷிங்டனும் (ஜார்ஜ் வாஷிங்டனின் உறவினர்தான்) பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனும் வாளும் குதிரையுமாக மோதுகிறார்கள். "கறுப்பு மை மட்டும்தானே? நிழலெல்லாம் எப்படிச் சாம்பலாத் தெரியுது?" என்பது அவள் கேள்வி.

முதலில் ஒன்று. மூல ஓவியத்தைத் தீட்டிய அலோன்சோ சாப்பெல் பிறந்ததே 1828இல். பழைய படம் என்றாலே சாட்சி என்று நம்பிவிடுகிறோம். இது கேட்டதை வைத்துத் தீட்டியது.

ஓவியத்தைப் பார்த்து உலோகத் தட்டில் கோடுகளாக வெட்டுவார்கள். மை பூசித் துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகிவிடும், பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால், ஊறிய நார்கள் பள்ளத்துக்குள் புகுந்து மையை வாரிக்கொண்டு வரும். அதனால்தான் மை லேசாகப் புடைத்து நிற்கிறது. புது நூறு ரூபாய் நோட்டில் காந்தி படத்தைத் தடவிப் பாருங்கள், அதே வித்தைதான். செம்புத் தட்டு சில ஆயிரம் பிரதிகளில் தேய்ந்துவிடும் என்பதால் 19ஆம் நூற்றாண்டில் எஃகுக்கு மாறினார்கள்.

என்னைக் கிறங்கடிப்பது அந்தக் கோடுகளை வெட்டும் உளிதான். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் தட்டித் தட்டி எழுதுவார். இங்கே தட்டுவதில்லை, கைப்பிடியை உள்ளங்கையில் பொருத்தித் தள்ளுகிறார்கள். வளைவு வேண்டுமென்றால் உளி திரும்பாது, தோல் மெத்தைமேல் இருக்கும் தட்டைத் திருப்புவார்கள். உளியின் முனை சாய்சதுரம். அது கிழிக்கும் பள்ளம் 'V' வடிவம். ஆகவே கொஞ்சம் அழுத்தினால் பள்ளம் ஆழமாகும்போதே அகலமுமாகும், மையும் கூடும். கையை லேசாக்கினால் கோடு மயிரிழையாக மெலிந்து மறையும். குதிரையின் தொடைத் திரட்சி முழுக்க இந்த அழுத்தக் கணக்குதான். இன்னும் இருட்டு வேண்டுமா, குறுக்கே இன்னொரு வரிசை.

மிச்ச வேலை நம் கண்ணுடையது. 30 செ.மீ. தூரத்தில், சுமார் 0.1 மி.மீ.க்கும் நெருக்கமான கோடுகளை நல்ல கண்ணாலும் பிரித்தறிய முடியாது. மையையும் வெள்ளைக் காகிதத்தையும் கலந்து சாம்பல் என்கிறது மூளை. கோடுகள் அதைவிடத் தள்ளியிருந்தால் படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும். லென்ஸ் வைத்தால் சாம்பல் மாயமாகிவிடும். ஸ்மார்ட் போர்டு வாங்கும் காசில் வகுப்புக்குப் பத்து லென்ஸ் வாங்கித் தரலாம், யார் கேட்கிறார்கள்!

அச்சில் எல்லாம் இடவலம் மாறும் என்பதால், ஓவியத்தைக் கண்ணாடியில் காட்டி அதைப் பார்த்து வெட்டுவதும் உண்டு. வலக்கையில் வாள் பிடித்த வீரனைத் தட்டில் இடக்கைக்காரனாக வெட்ட வேண்டும். மறந்தால் காகிதத்தில் படையே இடக்கைப் படையாகிவிடும்.