6 வோல்ட் செய்த குற்றம் என்ன?

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி வேலை பார்க்க ஆரம்பித்தால், முதல் வாரத்திலேயே ஒரு யோசனை தானாகத் தேடி வரும். பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டில் நிற்கும் டாட்ஜ் கிங்ஸ்வேக்கும் வந்தது. எஞ்சின் சூடானால் செல்ப் இழுக்க மறுக்கிறது, ஹெட்லைட் மஞ்சளாக அழுது வடிகிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்ணார்பேட்டை எலக்ட்ரீசியன் தீர்ப்பு எழுதிவிட்டார்: “அண்ணாச்சி, இது ஆறு வோல்ட் வண்டி. பன்னெண்டா மாத்திருவோம், சோலி முடிஞ்சிரும்.”

சோலி முடியாது என்பதுதான் என் கட்சி.

இந்த வண்டி 1950களின் தொடக்கத்தில் பம்பாய் குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில், கிரைஸ்லர் உதிரிகளைக் கொண்டு பூட்டப்பட்டது. பிளிமத், டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் மூன்றும் முகப்பையும் பெயர்ப்பட்டையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே கார். ஆறு சிலிண்டர் எஞ்சின், 6 வோல்ட் பேட்டரி. இதே ஏற்பாடுதான் டெட்ராய்ட்டின் பனிக்காலக் காலைகளில், கூழாக இறுகிய ஆயிலோடு மல்லுக்கட்டி எஞ்சினைச் சுற்றியது. அங்கே சுற்றிய செல்ப், ஆயில் தண்ணீராக ஓடும் திருநெல்வேலிச் சித்திரையில் திணறுகிறது என்றால் இடையில் மாறியது வோல்ட் அல்ல, வேறு ஏதோ ஒன்று.

அது மின்தடை. கணக்கு சின்னதுதான், போட்டுப் பார்த்துவிடலாம். இந்தக் காரின் ஹெட்லைட் ஒன்று 45 வாட், இரண்டும் சேர்ந்து 90. வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. ஆகவே 12 வோல்ட் வண்டியில் 7.5 ஆம்பியர் போதும், 6 வோல்ட் வண்டியில் 15 ஆம்பியர் ஓட வேண்டும். சுவிட்சிலிருந்து விளக்குவரை 3 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருமனில் மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம் தடை, மொத்தம் 40 மில்லி ஓம். 15 ஆம்பியர் அதில் ஓடினால் 0.6 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். 6 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு. அதே கம்பி 12 வோல்ட் காரில் 0.3 வோல்ட்டைத்தான் விழுங்கும், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மின்னழுத்தம் பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. இழப்பின் விகிதம் நான்கு மடங்காகிறது.

இழை விளக்கு இதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். இழையின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் மூன்று மடி அடுக்குக்கும் மேலாக ஏறி இறங்கும் சுபாவம் உடையது. 10 சதவீத மின்னழுத்தம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போல அவுட். சீசனுக்குக் குற்றாலம் போய்விட்டு ஆலங்குளம் வழியாக இரவில் திரும்புகிறவருக்கு அந்த 30 சதவீதம் என்னவென்று தெரியும். கம்பியை 4 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் இழப்பு 0.22 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பல்பையும் பேட்டரியையும் தொடாமலே வெளிச்சத்தின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

செல்ப் விஷயத்தில் இதே கணக்கு விஸ்வரூபம் எடுக்கிறது. அது இழுப்பது 200 ஆம்பியர் அளவில். எங்கோ ஒரு மூட்டில் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த மூட்டில் 200 வாட் வெப்பம் பிறக்கும். 5 மில்லி ஓம் என்பது எவ்வளவு அற்பமென்றால், கடையில் வாங்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டாலே அதைவிடப் பல மடங்கு காட்டும். ஓம் அளவில் வைத்து “கண்டினியூட்டி இருக்கு, பீப் வருது” என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளும் பீப் சொல்லும்.

ஆகவே தடையைத் தேடக் கூடாது, அது திருடும் வோல்ட்டைத் தேட வேண்டும். பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் நடு வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் எர்த் செய்துவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழின் நடுவிலேயே ஊன்றுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. இன்னொரு முனை அதே கிளாம்பின் மேல். இப்போது ஒருவர் செல்ப்பை அழுத்தட்டும். நல்ல மூட்டென்றால் மீட்டர் அசையவே அசையாது. கிங்ஸ்வேயில் பளபளவென்று இருந்த கிளாம்புதான், 0.4 வோல்ட் காட்டியது. கழற்றினால் குமிழைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தகடு போல ஈய சல்பேட். இப்படியே கிளாம்பிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து அதன் முனை வளையமான லக், லக்கிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து மோட்டார் என்று ஒவ்வொரு அடியாக நகர்ந்து போனால் திருடன் தன் முகவரியைத் தானே சொல்லிவிடுவான். மொத்தப் பாதையிலும் 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் திருப்தி அடையலாம்.

கேபிளும் குற்றவாளியாக இருக்கக்கூடும். ஏதோ ஒரு காலத்தில் பழைய கேபிள் நைந்துபோக, கைக்குக் கிடைத்த 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டிருப்பார்கள். 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் 2 மீட்டர் போனால் 200 ஆம்பியரில் அரை வோல்ட் அளவுக்குக் காலி. 50 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.15 வோல்ட்டோடு போயிற்று. இதற்காக அமெரிக்காவுக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை, கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வெல்டிங் கேபிளே ராஜா. முனைக்கு வெள்ளீயப்பூச்சுள்ள செம்பு லக் போட்டு ஹைட்ராலிக் கிரிம்பரில் அமுக்க வேண்டும். விலை மலிவென்று அலுமினிய லக் போட்டால் செம்போடு சேரும் இடத்தில் ஈரம் பட்டு அலுமினியம் அரித்துப்போகும். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இனி எர்த். போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டிய பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காரில் அந்தத் திரும்பும் வழி இரும்பு உடல்தான். இந்தக் கிரைஸ்லர் வண்டிகளில் பேட்டரியின் நேர் முனை உடலோடு சேர்ந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். அதே காலத்து ஃபோர்டும் இப்படித்தான். செவ்ரோலேயில் எதிர் முனைதான் எர்த். எந்த முனையானாலும் வழி திறந்திருக்க வேண்டும். எஞ்சினோ ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதிர்வு ஆளுக்குத் தெரியக் கூடாதென்று 1931 பிளிமத்தில் கொண்டுவந்து பெருமையடித்த ஏற்பாடு அது. ரப்பர் அதிர்வோடு மின்சாரத்தையும் சேர்த்தே தடுக்கும் என்பதால், எஞ்சினையும் உடலையும் இணைக்கச் செம்புப் பின்னல் பட்டை ஒன்று வைத்தார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிடுவது நம் பட்டறைகளில் சர்வ சாதாரணம். பிறகு செல்ப் போடும்போது 200 ஆம்பியர் வேறு வழி தேடி, சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகவும் ஓடும். டேஷ்போர்டில் சோக் குமிழைத் தொட்டால் சுடுகிறது என்று யாராவது சொன்னால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், பட்டையைப் பாருங்கள்.

மறுசீரமைத்த வண்டிகளுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு: புதுப் பெயிண்ட். ஹெட்லைட் கிண்ணம், பேட்டரித் தட்டு, டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உட்காரும் இடம் என்று பெயிண்டர் ஒன்று விடாமல் அழகாக அடித்துக் கொடுத்திருப்பார். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் கீழே ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, பல்வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் தீர்ந்தது. பெயிண்டருக்கு மனசு வலிக்கும், பொறுத்துக்கொள்ளட்டும்.

பழைய வயரிங்கை ஏன் மொத்தமாகக் கழற்ற வேண்டியிருக்கிறது? அந்தக் காலத்துக் காப்பு ரப்பர், அதன்மேல் பருத்தி நூல் பின்னல். ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஓசோனோடும் வினைபுரிந்து, மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்தும் இறுகியும் மொறுமொறுவென்று ஆகிவிடும். வெப்பம் இதைத் துரிதப்படுத்தும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பின்னல் வெளியில் பார்க்க முழுசாக இருக்கும், வளைத்தால் உள்ளே ரப்பர் அப்பளமாக நொறுங்கும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செம்பைக் கறுப்பாக்கும் என்பதால் நல்ல கம்பிகளில் செம்புக்கு வெள்ளீயப்பூச்சு கொடுத்திருந்தார்கள். பூச்சு போன இடங்களில் உரித்தால் கரிக்கம்பி போலக் கறுத்திருக்கும், அதில் எந்த மூட்டும் நிற்காது. போதாக்குறைக்கு இந்த வண்டி நெடுநாள் கல்யாண ஊர்வலம் போனது. அலங்கார விளக்குக்காக வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இடங்கள் பின்சீட்டுக்குக் கீழே தேன்கூடு போலத் தொங்கின. மிச்சத்தை எலி பார்த்துக்கொண்டது.

கழற்றுமுன் ஒவ்வொரு நுனிக்கும் சீட்டுக் கட்டி, பழைய வயர்க் கட்டை, அதாவது ஹார்னெஸை, அப்படியே பிளைவுட் பலகையில் விரித்து ஆணி அடித்துக்கொண்டால் புதியதை அதன்மேலேயே கட்டலாம். வயர் வாங்கும்போதுதான் கவனம் தேவை. வீட்டு வயரிங்குக்கான 3/20, 7/20 கம்பிகள் தடித்த சில இழைகளால் ஆனவை, அதிர்வில் ஒடிந்துவிடும். இப்போது வரும் பல இழை வீட்டு வயரும் சரிப்படாது. அதன் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரிக்கானது. எஞ்சின் அறை அக்னி நட்சத்திரத்தில் அதைத் தாண்டிவிடும். 105 டிகிரி தாங்கும் ஆட்டோ வயர்தான் வேண்டும். பழைய தோற்றம் வேண்டுமென்றால் அதன்மேல் துணி நாடாவைச் சுற்றிக்கொள்ளலாம், அது கண்ணுக்கு மட்டும்தான். சூட்டில் செம்பின் தடையும் ஏறும், டிகிரிக்கு 0.39 சதவீதம். 50 டிகிரி கூடினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கடையில் சொல்லும் பருமனைவிட ஒரு அளவு தடித்து வாங்குவது இதற்காகத்தான்.

பியூஸ் விஷயத்தில் அந்தக் காலத்துக்காரர்கள் ரொம்பத் துணிச்சல்காரர்கள். செல்ப் தவிர ஏறக்குறைய எல்லா மின்னோட்டமும் டேஷ்போர்டின் ஆம்ப் மீட்டர் வழியாகத்தான் போகும். அதன் முதுகில் இரண்டு நட்டுகள் வெறுமனே, எந்தப் பியூஸும் இல்லாமல், இரும்புக்கு விரல் தூரத்தில் நிற்கும். பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் கம்பியின் தொடக்கத்திலேயே, டைனமோவின் உச்ச அளவைவிடச் சற்றுக் கூடுதலான ஒரு பியூஸ் வைத்துவிடுவது நல்லது. பியூஸ் காப்பாற்றுவது கம்பியைத்தான், விளக்கை அல்ல. ஹெட்லைட்டில் மட்டும் அவர்கள் செய்ததை மாற்ற மாட்டேன். அங்கே பியூஸுக்குப் பதில் இரட்டை உலோகப் பட்டை வைத்த பிரேக்கர் இருக்கும். எங்காவது ஷார்ட் ஆனால் பட்டை சூடாகி வளைந்து தொடர்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். ஓடும்போது பியூஸ் போய்க் கும்மிருட்டில் நிற்பதைவிட மினுக்கிக்கொண்டே ஓரம் கட்டுவது மேல்.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருப்பது கட்-அவுட். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியைவிடக் குறைவு. வழி திறந்திருந்தால் மின்சாரம் பின்னோக்கி ஓடும். கால்வாய் மட்டம் குளத்தைவிட உயர்ந்தால் மட்டும் திறக்கும் மடை போல, ஆறரை வோல்ட் அளவுக்கு டைனமோ ஏறியதும் கட்-அவுட்டிலுள்ள இரண்டு சுருள்களில் மெல்லிய சுருளின் காந்தம் தொடுமுனையை இழுத்து மூடும். எஞ்சின் நின்றதும் தடித்த சுருளில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடி அந்தக் காந்தத்தைக் கரைக்க, முனை விலகிவிடும். முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் நின்ற வண்டியில் பேட்டரி டைனமோவை மோட்டாராகச் சுற்றப் பார்க்கும், கம்பி புகையும்.

வயரிங் முடிந்து முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டைனமோவுக்குத் திசை சொல்லிக்கொடுக்க வேண்டும். அது மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்குவது இரும்பில் மிஞ்சியிருக்கும் துளிக் காந்தத்தால். அந்தக் காந்தத்தின் திசை தலைகீழாக இருந்தால் வெளிவரும் மின்சாரமும் தலைகீழ். அப்புறம் கட்-அவுட் முனைகள் படபடத்துக் கருகும். பேட்டரியைச் சரியான முனையில் பூட்டி, எஞ்சினை ஓட்டாமல், ரெகுலேட்டரில் பேட்டரி முனைக்கும் டைனமோவுக்குப் போகும் ஆர்மேச்சர் முனைக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுத்தால் போதும். சின்னப் பொறி தெறிக்கும், காந்தம் சரியாகிவிடும். ஃபோர்டுக்கு முறை வேறு, டாட்ஜ் வைத்தியத்தை அதில் செய்தால் ரெகுலேட்டர் போய்விடும். காயிலிலும் முனை பார்த்துப் பூட்ட வேண்டும். நேர் எர்த் வண்டியில் காயிலின் நேர் முனைதான் டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும். பிளக்கின் நடு முனை சூடானது, எலக்ட்ரான்கள் சூடான உலோகத்திலிருந்து எளிதாகக் கிளம்பும். மாற்றிக் கொடுத்தால் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டு, ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்.

12 வோல்ட்டை அமெரிக்கர்கள் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. செவ்ரோலே 1955 மாடலிலும், ஃபோர்டும் கிரைஸ்லரும் 1956 மாடலிலும் மாறியபோது, அழுத்த விகிதம் கூடிய பெரிய வி-8 எஞ்சின்களைச் சுற்றவும் பொறியேற்றவும் 6 வோல்ட் மூச்சு வாங்கியது. கிங்ஸ்வேயின் சாதுவான ஆறு சிலிண்டருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. மாற்றினால் பல்பு, காயில், ஹாரன், மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் செலவு; 6 வோல்ட் செல்ப் 12 வோல்ட்டில் வெறிகொண்டு பாய்ந்து எஞ்சினைப் பிடித்துச் சுற்றும் பென்டிக்ஸ் பல்லை உடைக்கக்கூடும்.

உண்மையான தொந்தரவு பேட்டரி கிடைப்பதுதான். 6 வோல்ட் என்று கேட்டால் பழைய புல்லட்டுக்கான சின்னப் பேட்டரியை எடுத்து நீட்டுவார்கள். 100 ஆம்பியர்-மணி அளவில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். அந்தக் கடையிலேயே 8 வோல்ட் பேட்டரி யோசனை சொல்லவும் ஆள் இருக்கும். செல்ப் ஜோராகச் சுற்றும், நிஜம்தான். ஆனால் ரெகுலேட்டர் 7.2 வோல்ட் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதால் அந்தப் பேட்டரி ஒருநாளும் சார்ஜ் ஏறாது. ரெகுலேட்டரை ஏற்றி வைத்தால் பல்புகள் வரிசையாகச் சாகும்.